கிளப்பை விட்டுப் போகும் கோச் முடித்துவைக்க வேண்டிய வேலைகள்

வட சென்னையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு ஸ்டாப்பராக (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) ஆடினேன். முட்டி போன பிறகு அதே கிளப்பில் 13, 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கோச். இந்த ஏப்ரலோடு விலகிவிட்டேன். சண்டை எதுவும் இல்லை, கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். கோச் ஆவது எப்படி என்று டி லைசென்ஸ் கோர்ஸில் நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். விலகுவது எப்படி என்ற பேச்சே வரவில்லை. என்னைப் போலப் போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி. நம் ஊரில் பையன்களின் ஆட்ட வருஷம் பள்ளிக்கூடத்தோடுதான் ஓடுகிறது. ஜூனில் பள்ளி திறந்தால் கொஞ்ச நாளில் குறுவட்டப் போட்டிகள், அப்புறம் மாவட்டம், பள்ளி அணிகளுக்கான சுப்ரதோ கோப்பை. மார்ச், ஏப்ரலில் பரீட்சை. மே மாதம் கோடை முகாம். பரீட்சைக்கும் முகாமுக்கும் நடுவே விலகுவது எல்லோருக்கும் நல்லது. வருஷத்திலேயே புதுப் பையன்கள் அதிகம் வருவது முகாமுக்குத்தான். அவர்கள் புதுக் கோச்சிடமே தொடங்கட்டும். முகாம் முடிந்து பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஜூனில் போகலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் முகாமில் உங்களைப் பார்த்துச் சேர்ந்த பையன்களில் பாதிப் பேர் ஜூலையில் இருக்கமாட்டார்கள்.

பெரிய கிளப்புகளில் இந்தக் கவலை இல்லை. ஸ்டீவன் ஜெரார்ட் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் 18 வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்சாக இருந்தவர், 2018 மே மாதத்தில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்குப் போவது உறுதியானது. சீசன் முடிகிற நேரம், சரியான கணக்கு. ஜாக் வில்ஷேர் இன்னொரு இங்கிலாந்து கிளப்பான அர்செனலின் 18 வயதுக்குட்பட்டோர் அணியை 2022 இல் ஏற்றார். 2023 இல் எஃப்.ஏ. யூத் கோப்பை ஃபைனல் வரை கொண்டுபோனார் (வெஸ்ட் ஹாமிடம் 5-1 என்று தோற்றார்கள்). 2024 அக்டோபரில், சீசன் நடுவிலேயே, நார்விச் சிட்டிக்குப் போய்விட்டார். அதனால் அங்கே ஒன்றும் இடிந்துவிடாது. எந்தப் பையனுக்குத் தொடை பிடித்தது, யார் எவ்வளவு ஓடினான் என்பதெல்லாம் பிசியோவிடமும் அனலிஸ்ட்டிடமும் பதிவாக இருக்கும். நம் கிளப்பில் பிசியோ, அனலிஸ்ட், கணக்குப்பிள்ளை, பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். அந்த ஆள் போனால் அத்தனையும் அவரோடு போய்விடும். தலைக்குள் இருப்பதைக் காகிதத்தில் இறக்கிவைப்பதுதான் முக்கியமான வேலை.

செயலாளரிடம் வாயால் சொன்னால் போதாது. கடைசி நாள் எது என்று தேதி போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். அதன் பிறகு ரொம்ப நாள் ரகசியமாக வைத்திருக்க முடியாது. டீக்கடையில் ஒருவர் காதில் விழுந்தால் ராத்திரிக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிடும். பையன்களுக்கும் பெற்றோருக்கும் ஒரே நாளில், ஒரே சாயங்காலத்தில் சொல்லிவிடுங்கள்.

இனி புதுக் கோச்சுக்கான நோட்டு. ஒரு பையனுக்கு ஒரு பக்கம். உட்கார்ந்து எழுதினால் ஒரே ராத்திரியில் முடியாது, அதனால் கடைசி மாதத்தில் தினமும் பிராக்டீஸ் முடிந்ததும் இரண்டு பையன்களைப் பற்றி எழுதுங்கள். அவனை அன்று பார்த்த சூட்டில் எழுதினால் பொய் வராது.

என்ன எழுதுவது? பிறந்த மாதம் வேண்டும். ஜனவரியில் பிறந்தவனும் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் நிற்கிறார்கள். 13 வயதில் அந்தப் பதினோரு மாதம் மலை மாதிரி. புதிதாக வருகிற கோச் முதல் வாரத்தில் கண்ணால் பார்த்து ஆள் எடுப்பார். உயரமாக இருப்பவன், வேகமாக ஓடுபவன் உள்ளே, பொடியன் வெளியே. அந்தப் பொடியன் டிசம்பர்க்காரன், அவன் அப்பாவும் அண்ணனும் ஆறடி, இன்னும் வளரத் தொடங்கவே இல்லை, பந்து வருமுன்பே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தலையைத் திருப்பிப் பார்க்கிறான் என்று ஒரு வரி இருந்தால் அவன் தப்பித்துக்கொள்வான். என் நோட்டில் நான் நீளமாக எழுதியது இப்படிப்பட்ட பையன்களைப் பற்றித்தான். டீமின் ஸ்டார் பையனைப் பற்றி மூன்று வரிதான். அவனைப் புதுக் கோச் தானாகவே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்து உடம்பு. சட்டென்று உயரம் போடுகிற வயதில் முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். வளர்ந்து முடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் வலிக்கிற காலத்தில் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்க வேண்டும். எந்தப் பையனுக்கு அது இருக்கிறது என்று எழுதிவைக்காவிட்டால், கட்டாந்தரை கிரவுண்டில் புதுக் கோச் அவனை ரவுண்டு ஓடவைப்பார். அவன் நொண்டினால் 'நடிக்கிறான்' என்பார். ஆஸ்துமா யாருக்கு, இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது, காலையில் சாப்பிடாமல் வருகிறவன் யார், மேட்சுக்கு முன்னால் வாந்தி எடுப்பவன் யார் (எடுத்துவிட்டு நன்றாகவே ஆடுவான், பயப்பட வேண்டாம்) எல்லாம் அந்தப் பக்கத்தில் வர வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது 'ரைட் பேக்' என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். பாதியில் நிற்கும் வேலையை எழுதுங்கள். "இடது காலால் நீளமாகப் போடப் பழகுகிறான். மேட்சில் பந்து வெளியே போகும். திட்டாதீர்கள், இன்னும் மூன்று மாதம் விடுங்கள்." இது ஒரு உருப்படியான குறிப்பு. "சோம்பேறி", "தேறமாட்டான்" என்பதெல்லாம் குறிப்பே இல்லை. உங்கள் எரிச்சலைப் புதியவருக்குக் கடத்துகிறீர்கள். வீட்டு விஷயத்தையும் எழுதாதீர்கள். அப்பா குடிக்கிறார் என்பது அவன் உங்களை நம்பிச் சொன்னது. கிளப் அலமாரியில் கிடக்கவேண்டிய செய்தி இல்லை. கட்டாயம் தெரிய வேண்டும் என்றால், அவன் அம்மாவைக் கேட்டுவிட்டுப் புதுக் கோச்சிடம் நேரில் சொல்லுங்கள்.

காகித வேலை அலுப்பானது, ஆனாலும் தள்ளிப்போட முடியாது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். (ஆட்டக்காரர்களை ஆன்லைனில் பதியும் முறை) பதிவுக்கான பாஸ்வேர்டு உங்கள் போனில் இருந்தால் கிளப்பிடம் ஒப்படையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ எல்லாம் பெயர் போட்ட கவரில் இருக்கட்டும். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வயதைச் சோதிக்க மணிக்கட்டு எக்ஸ்ரே எடுக்கிற காலம் இது, காகிதத்தில் குழப்பம் இருந்தால் பையன்தான் மாட்டுவான். பதிவு சரியாக இருப்பதில் கிளப்புக்கும் லாபம் உண்டு. ஒரு ஆட்டக்காரரை ஒரு நாட்டு கிளப் இன்னொரு நாட்டு கிளப்பிடம் பணம் கொடுத்து வாங்கினால், 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5% பங்கு போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. வியாசர்பாடிப் பையன் ஒருவனுக்கு அது நடக்குமா என்று சிரிக்கலாம். நடந்தால் ஆதாரமாக நிற்பது அந்தப் பதிவுதான்.

மாத ஃபீஸ் உங்கள் ஜிபே நம்பருக்கு வருகிறதா? விலகுவதற்கு ஒரு மாதம் முன்பே அதை நிறுத்திவிட்டு, கிளப் கணக்கு நம்பரைக் குரூப்பில் போடுங்கள். பந்து, கோன், பிப் (பிராக்டீஸில் டீம் பிரிக்கப் போடும் மேல்சட்டை) எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். கிரவுண்டு அனுமதிக் கடிதம் உங்கள் பெயரில் இருந்தால் மாற்றுங்கள். உங்களுக்கு வரவேண்டிய சம்பள பாக்கியையும், எந்த வருஷம் எந்த வயதுப் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்ற அனுபவச் சான்றிதழையும் சாவி கையில் இருக்கும்போதே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பையன்களிடம் பேசுவது பிராக்டீஸ் முடிந்த பிறகு, தண்ணீர் குடித்த பிறகு. முன்னால் சொன்னால் அன்று பந்தே உருளாது. ஐந்து நிமிஷம் போதும். ஏன் போகிறேன், என்றைக்குப் போகிறேன், அடுத்து யார் வருகிறார். புதுக் கோச்சும் பக்கத்தில் நின்றால் ரொம்ப நல்லது. 'உன்னை அங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன்' என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட. நீங்கள் மறந்துவிடுவீர்கள், அவன் இரண்டு வருஷம் காத்திருப்பான். பெரும்பாலும் சத்தம் போடுகிறவன் அழுதுவிட்டு மறுநாள் வந்துவிடுவான். ஒன்றும் பேசாமல் ஷூவைக் கழற்றிக்கொண்டு போகிறவனைத்தான் கவனிக்க வேண்டும். மறுநாள் அவன் வரவில்லை என்றால் அன்றே அவன் வீட்டுக்குப் போங்கள்.

அடுத்தது பலருக்குக் கசக்கும். பையன்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கோச் ஒருவர் பக்கத்துக் கிளப்புக்கு மாறும்போது பத்துப் பேரை அள்ளிக்கொண்டு போவதை நம் ஊரில் வீரமாகப் பேசுகிறார்கள். மிஞ்சிய ஐந்து பேருக்கு டீமே கிடையாது, அதை யாரும் பேசுவதில்லை. ஒரு பையன் உண்மையாகவே மாற விரும்பினால், சீசன் முடியட்டும். அவன் பெற்றோரே உங்கள் பழைய கிளப்பில் கேட்டு, முறைப்படி மாற்றிக்கொள்ளட்டும். அதுவரை நீங்கள் போன் போட வேண்டாம்.

போன பிறகு சில மாதங்களுக்கு அந்த கிரவுண்டு பக்கம் போகாதீர்கள். நீங்கள் கோட்டுக்கு வெளியே நின்றால், புதுக் கோச் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பையன்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். குரூப்பில் அட்மினை மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். பையன்களோடு தனித்தனியாக மெசேஜில் பேசுவதை நிறுத்துங்கள், பேச வேண்டியிருந்தால் பெற்றோர் வழியாகப் பேசலாம். 'நீங்கள் இருந்தபோது என் பையன் ஃபார்வர்டு, இப்போது பெஞ்சில் உட்காரவைக்கிறார் சார்' என்று அம்மாக்கள் போன் செய்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். "அவரிடமே கேளுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுங்கள். புதுக் கோச் போன் செய்தால் மட்டும் உடனே எடுங்கள். எனக்கு ஜூனில் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு வந்தது. நோட்டில் இரண்டு கார்த்திக் இருக்கிறார்களே, முட்டி வலி எந்தக் கார்த்திக்குக்கு என்று கேட்டார். ஒரே பெயரில் இரண்டு பையன்கள் இருந்தால் ஜெர்ஸி நம்பரையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.