பதினெட்டு வயசுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

கொங்குப் பக்கம் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கேட்டால், பாதிப் பேர் "எங்களுக்கப்புறம் ஹோம்லதான் விடணுமுங்க" என்பார்கள். மீதிப் பேர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். இரண்டும் அவசரப்பட்ட முடிவுதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி எவரையும் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல் இருக்க அரசு முயல வேண்டும் என்கிறது. ஊருக்குள், மற்றவர்களோடு வாழ அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை நடப்புக்கு வர, சில காகிதங்களும் சில பழக்கங்களும் பதினெட்டுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பதினேழாவது வயதில் ஆரம்பித்தால்கூட நேரம் போதும். பதினெட்டு தாண்டிவிட்டால் ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கேட்டு நிற்கும்.

சான்றும் அட்டையும்

எல்லாவற்றுக்கும் அடி யூடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை. ஆன்லைனில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் சோதனைக்குப் போக வேண்டும். கோவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை என்று நம் பக்கத்தில் இடங்களுக்குக் குறைவில்லை. சோதனை எந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மனநல மருத்துவரும் உளவியலாளரும் ஒரே நாளில் இருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். ஒருவர் இல்லாவிட்டால் மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

சோதனை நாளில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு, பிள்ளையைப் பெருமையாகக் காட்டுவது. "எல்லாம் தானே பண்ணிக்குவாங்க" என்று சொல்லி அழைத்து வந்தால் சான்றில் குறைபாட்டுச் சதவீதம் குறையும். அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால்தான் சட்டை மாட்டுகிறான் என்றால், அதை அப்படியே சொல்லுங்கள். குளியல், கழிப்பறை, சாப்பாடு, காசு எண்ணுதல், தனியாக வெளியே போதல் ஆகிய ஐந்திலும் யார் உதவுகிறார்கள், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும் என்றும், 18இல் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும் என்றும் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி சொன்னது. "சின்ன வயசிலேயே வாங்கிட்டோமுங்க" என்று இருப்பவர்கள் அட்டையை எடுத்து, செல்லுபடியாகும் தேதி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆதாரில் 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கண் பதிவை முடித்துவிடுங்கள். கைரேகை விழாத பிள்ளைகளுக்கு விதிவிலக்குப் பதிவு உண்டு. மையத்தில் இருப்பவர் தயங்கினால் வலியுறுத்திக் கேளுங்கள். நம்ம ஊரில் அடிக்கடி வரும் இன்னொரு தொல்லை இனிஷியல். ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், யூடிஐடியில் இனிஷியலே இல்லாமல் என்று மூன்று விதமாகப் பேர் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துங்கள். உதவித்தொகை, காப்பீடு, காப்பாளர் (கார்டியன்) சான்று மூன்றும் இந்த ஒரு எழுத்தில் சிக்கி நின்றுவிடக்கூடும்.

வங்கியும் உதவித்தொகையும்

மைனர் கணக்கு பதினெட்டில் தானாக மேஜர் கணக்காகிவிடாது. புதிதாக ஆவணம் கொடுக்காவிட்டால் வங்கி கணக்கை நிறுத்திவைக்கும், அதில் வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் நின்றுபோகும். ஆகவே பிறந்த நாளுக்கு இரண்டு மாதம் முன்பே கிளை மேலாளரைப் பாருங்கள்.

தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இதைக் கேட்கலாம். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகிறது. வருவாய்த் துறை வழியாக ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குகிறவர் இதையும் சேர்த்து வாங்க முடியாது. விண்ணப்பம் கொடுத்ததும் பதிவு எண்ணும் தேதியும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நெடுநாள் பதில் வராவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த எண்ணைக் குறித்து மனுக் கொடுத்தால் கோப்பு நகரும். எண் இல்லாத மனு திரும்பவும் அதே மேசைக்குத்தான் வரும்.

மத்திய அரசின் அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் வாங்காமல் விட்டிருப்பார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. சேரும்போது மருத்துவச் சோதனை கிடையாது, வயது வரம்பும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. வெளிநோயாளிச் செலவும் தெரபிச் செலவும் இதில் வரும் என்பதுதான் இதன் சிறப்பு. ஆனால் பணம் பின்னால்தான் திரும்பக் கிடைக்கும். ஆகவே அசல் பில், மருத்துவர் சீட்டு, தெரபிஸ்ட் கையெழுத்திட்ட வருகைத் தாள் மூன்றையும் அந்தந்த மாதமே அனுப்பிவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குத் தாமதம் என்ற காரணத்தால் திரும்பி வரும்.

காப்பாளர் சான்று வேண்டுமா?

பதினெட்டு ஆனதும் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை முடிகிறது. உடனே எல்லாரும் காப்பாளர் சான்று வாங்க ஓடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். பிள்ளை தன் பேரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, இந்தப் பணம் எதற்கு என்று புரிந்துகொள்ள முடிந்தால், எல்லா முடிவையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறிப்பிட்ட காரியத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும், அவரோடு கூடிப் பேசி முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பாளரைப் பற்றித்தான் பேசுகிறது. பரம்பரைச் சொத்து, பெரிய அறுவை சிகிச்சை, வங்கி வைப்பு என்று உண்மையில் தேவை இருக்கும்போது வாங்குங்கள்.

வாங்குவதாக இருந்தால், 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவுக்கு விண்ணப்பியுங்கள். பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு யாரும் விண்ணப்பிக்கலாம். யூடிஐடி நகல், பிள்ளை, காப்பாளர் இருவரின் ஆதார், புகைப்படம், காப்பாளராகப் போகிறவரின் சம்மதக் கடிதம் வேண்டும். பெண் பிள்ளைக்குத் தனியாக ஓர் ஆணைக் காப்பாளராக்க விதி இடம் தராது, மனைவியோடு சேர்த்துத்தான் போடுவார்கள். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூட்டம் தள்ளிப்போனால் அடுத்த தேதியை எழுத்தில் கேளுங்கள்.

சான்று கையில் வந்ததோடு வேலை முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். வங்கியில் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றால், இந்தக் குழுவின் சான்றை ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2007 நவம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியிருப்பதைச் சொல்லுங்கள்.

தோட்டமும் பங்கும்

இங்கேதான் கொங்குக் குடும்பங்களில் அதிகச் சிக்கல். பாகம் பிரிக்கும்போது "அவனுக்கெதுக்குங்க, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். சொன்னவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குப் பின் அவர் பிள்ளைகளை அந்த வாய்ச்சொல் கட்டாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, குறைபாடு இருக்கிறது என்பதற்காக யாருக்கும் பங்கு இல்லாமல் போகாது என்கிறது. பங்கு இருக்கிறது, யார் கேட்பது என்பதுதான் கேள்வி. புரிந்துகொள்ள முடியாதவரிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் ரேகை வாங்கினால் அது பிற்பாடு செல்லாமல் போகலாம். அந்த நிலத்தை வாங்கியவரும் சேர்ந்து கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

வாடகை வரும் கட்டிடமோ தென்னந்தோப்போ இருந்தால், அவருக்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்று எழுதி, அசையாச் சொத்து என்பதால் பத்திரப் பதிவும் செய்துவிடுங்கள். அறங்காவலர் மூவராக இருக்கட்டும்: பங்காளி வழியில் ஒருவர், மாமன் வழியில் ஒருவர், ரெண்டு பக்கமும் சேராத ஒருவர். வெறும் வைப்புத் தொகை மட்டும் என்றால் உயிலே போதும். உயிலைப் பதிய வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் சாட்சி இருவர் கையெழுத்து கட்டாயம்.

வெளியே போகப் பழக்குதல்

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும், கடைக்கு ஒருமுறைகூடத் தனியாகப் போகாதவர் ஊருக்குள் வாழ முடியாது. பஸ் பயணத்தை இப்படிப் பழக்கலாம். முதலில் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். ஐந்து முறை பிழையில்லாமல் இறங்கினால் இரண்டு சீட் பின்னால் போங்கள். அடுத்த ஐந்து முறைக்கு அவரை ஏற்றிவிட்டு, இறங்கும் ஸ்டாப்பில் வண்டியில் போய் நில்லுங்கள். கடைசியில் ஸ்டாப் கடைக்காரரிடம் மட்டும் சொல்லிவையுங்கள். சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவர் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது, எனவே பழக்கச் செலவில்லை. வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள். அம்மா "இறங்கு", அப்பா "வந்துருச்சு" என்றால் குழப்பம்தான்.

வேலைக்குத் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் கைமடி, பிசிறு வெட்டுதல், பேக்கிங் போன்றவை பொருந்தும். சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளையைத் தையல் லைனுக்குப் பக்கத்தில் போடாதீர்கள், பேக்கிங் அறை கேளுங்கள். முதல் மாதம், செய்த உருப்படிக்கு இவ்வளவு என்னும் பீஸ் ரேட் வேண்டாம். வேகம் வராமல் சம்பளம் மிகக் குறைந்து, வீட்டாரே நிறுத்திவிடுவார்கள். மாற்றுத்திறனாளிக்கு, தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் சேரச் சம்பள வரம்பு 25,000 ரூபாய், மற்றவர்களுக்கு 21,000. கணக்கரிடம் இதைச் சொன்னால்தான் தெரியும்.

தங்கும் இடம் பார்ப்பது

சொந்த வீட்டில், ஒரு ஆளை வைத்து இருக்க முடிந்தால் அதுவே முதல் தேர்வு. முடியாவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் குழு வீடு. அம்பது, நூறு பேர் இருக்கும் ஹோம் கடைசி. எதுவானாலும் சொல்லாமல் போய்ப் பாருங்கள், காலை ஆறரை மணிக்கு, குளிக்கும் நேரத்தில். ஒவ்வொருவருக்கும் தனித் துண்டும் சோப்பும் இருக்கிறதா? குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? தன் துணி வைக்கத் தனி அலமாரி உண்டா? வாசல் கேட் பகலிலும் பூட்டியே கிடக்கிறதா? "ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம்" என்று சொல்லும் இடத்தில் மற்ற ஆறு நாளும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். டெபாசிட் கேட்டால், விலகும்போது எத்தனை நாளில் எவ்வளவு திரும்பும் என்பது முத்திரைத் தாளில் இருக்கட்டும். 2016 சட்டப்படி பெற்ற பதிவுச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே விட்டுப் பழக்குங்கள். முதலில் மூன்று நாள், அடுத்து பத்து நாள், அப்புறம் ஒரு மாதம். அனுப்பும்போதும் அழைத்துவரும்போதும் எடை பாருங்கள். பேச்சு வராத பிள்ளை அங்கே எப்படி இருந்தது என்பதை இரண்டு கிலோ குறைவு சொல்லிவிடும்.