கேஸ் ஷீட் கைக்கு வந்த கதை

அப்பாவின் அறுவைச் சிகிச்சை பற்றி மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பிய புகார் திரும்பி வந்துவிட்டது. நான் மருத்துவமனையின் மீது எழுதியிருந்தேன். கவுன்சில் விசாரிப்பதோ பதிவுபெற்ற மருத்துவரை. திருத்தி எழுத உட்கார்ந்தால் கையில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே இருந்தது. புகாருக்குத் தேவையான மருத்துவரின் பதிவு எண் மருந்துச் சீட்டின் முத்திரையில் மங்கிக் கிடந்தது.

மருத்துவமனையில் இருக்கும் முழுச் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட் கேட்டு ஒன்பது நாள் அலைந்தேன். வரவேற்பில் கேட்டால் மேலாளர், மேலாளரைக் கேட்டால் ரெக்கார்டு அறை. மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை.

கடைசியில் ஒரு பக்கக் கடிதம்தான் வேலை செய்தது. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளில் 1.3.2 என்று ஒன்று இருக்கிறது: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதைக் குறிப்பிட்டு, அப்பாவின் கையெழுத்தோடு நேரில் கொடுத்தேன். நகலில் முத்திரை குத்திய ஊழியர் தேதியோடு நிறுத்திக்கொண்டார். கெடு மணிக்கணக்கில் அல்லவா? நேரத்தையும் எழுதச் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு 11.20 என்று எழுதினார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கே ஃபோன். 84 பக்கங்கள், அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் அடியில் பதிவு எண் பளிச்சென்று இருந்தது. மருத்துவர் பெயரில் மீண்டும் அனுப்பிய புகார் ஏற்கப்பட்டுவிட்டது.