சீலியாக்ல ஆம்பள பொம்பள கணக்கு: புதுசா வர்றவங்க சறுக்குற இடங்கள்

டெல்லியில ஒரு கேஸ்ட்ரோ ஓபிடியில, அதாவது வயிறு, குடல் சம்பந்தமான வெளிநோயாளி பிரிவுல, டயட்டீஷியனா இருக்கேன். சீலியாக்னா கோதுமையில இருக்கிற க்ளூட்டன்ங்கிற புரதத்தால சிறுகுடல் அடிபடுற வியாதி. வருஷா வருஷம் புதுசா வேலைக்கு வர்ற பசங்க, நாங்க அந்தக் காலத்துல சொதப்பின அதே இடத்துலதான் சொதப்புறாங்க. க்ளூட்டன் எதுல இருக்குனு தெரியாம முழிக்கிறதெல்லாம் ரெண்டு வாரத்துல சரியாயிடும், அத விடுங்க. இங்க சொல்றது தானா சரியாகாத தப்புங்க.

"இது பொம்பளைங்க வியாதி"

இதக் கேட்டாலே இன்னும் எரிச்சல் வருது. ஆஸ்பத்திரி ரெக்கார்டப் பாத்தா ஒரு ஆம்பளைக்கு ரெண்டு பொம்பளைனு இருக்கும், சரிதான். ஆனா அறிகுறியே பாக்காம பொதுவா ஜனங்ககிட்ட ரத்தம் எடுத்துப் பாத்த சர்வேக்கள்ல அந்த வித்தியாசம் நல்லாவே குறையுது. அப்ப மிச்ச ஆம்பளைங்கல்லாம் எங்க? கண்டுபிடிக்காம வெளிய சுத்திட்டிருக்காங்க.

சோனிபட் பக்கத்துலேர்ந்து ஒரு லாரி டிரைவர் வந்தாரு, நாப்பது வயசு, ஹீமோகுளோபின் 8. ஆம்பளைக்கு ரத்தம் கொறஞ்சா எங்கயோ கசியுதுனுதான் முதல்ல தேடுவாங்க, அல்சர் கேன்சர் பாக்கணும், அது தப்பில்ல. வேற ஒரு ஆஸ்பத்திரியில மேலயும் கீழயும் ஸ்கோப் போட்டிருக்காங்க, கொஞ்சம் பைல்ஸ் இருந்துச்சு, பழி மொத்தமும் அது மேல விழுந்துடுச்சு. கேமரா டியோடினம் (சிறுகுடலோட ஆரம்பப் பகுதி) வரைக்கும் போயிருக்கு, ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்கு, ஆனா பயாப்ஸிக்கு ஒரு பீஸ் சதை எடுக்கல! சீலியாக்ல டியோடினம் கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும் பல பேருக்கு, குடலோட உள்பக்கம் விரல் மாதிரி நீட்டிட்டிருக்கிற வில்லி தேஞ்சிருக்கிறது மைக்ராஸ்கோப்லதான் தெரியும், அதுவும் திட்டுத்திட்டா இருக்கும்ங்கிறதால டியோடினத்துல கீழ 4 பீஸ், அதோட தொடக்கத்துல இருக்கிற பல்ப்ல ஒண்ணு ரெண்டுனு எடுக்கணும். அமெரிக்காவுல பண்ணின ஆய்வுலயும் ஆம்பளைங்ககிட்ட பயாப்ஸி எடுக்கிறது கம்மினுதான் வந்திருக்கு. இரும்புச்சத்த உறிஞ்சுறதே டியோடினம்தான், அதுவே அடிபட்டுக் கிடக்கு, இவரு பாட்டுக்கு வருஷக்கணக்கா இரும்பு மாத்திரை முழுங்கிட்டிருந்திருக்காரு. எங்ககிட்ட வர்றப்ப எலும்பும் தேஞ்சு போச்சு.

இதுல கொடுமை என்னன்னா அவரோட அக்காவுக்கு ஏற்கனவே சீலியாக். யாருமே கேக்கல. அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க, இவங்கள்ல 100க்கு 7, 8 பேருக்கு இருக்கும். குடும்பத்துல யாருக்காவது இருக்கானு கேக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

"பீரியட்ஸ்னால இருக்கும்"

பொம்பளைங்க விஷயத்துல கதை தலைகீழ், தேடவே மாட்டாங்க. 2019-21 தேசிய குடும்ப நல சர்வேப்படி 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பொம்பளைங்கள்ல 57% பேருக்கு அனீமியா, அதனால ஹீமோகுளோபின் 9னு ரிப்போர்ட் வந்தாலும் யாரும் அசர்றதில்ல. இரும்பு குடுத்தும் ஏறலையா, கூட தைராய்டு இருக்கா, காரணம் தெரியாம கரு கலையுதா, ஐபிஎஸ் (அடிக்கடி வயித்த வலிச்சு, மலம் சரியில்லாம போற குடல் கோளாறு)னு முத்திரை குத்தி அனுப்பியிருக்காங்களா, டாக்டர்கிட்ட டிடிஜி ஐஜிஏ டெஸ்ட் கேளுங்க, சீலியாக்குக்கான ரத்த டெஸ்ட் அது, ஐஜிஏங்கிற வகை ஆன்டிபாடியத் தேடும். மொத்த ஐஜிஏவும் சேத்து. சீலியாக் உள்ளவங்கள்ல 2-3% பேருக்கு ஐஜிஏவே சரியா சுரக்காது, அவங்களுக்கு டிடிஜி நெகட்டிவ்னு வந்தா அதுக்கு அர்த்தமே இல்ல.

முழங்கை, முட்டியில தீராத அரிப்பு

கொப்பளம் கொப்பளமா வந்தா க்ரீமோட விட்டுடாதீங்க. அது சீலியாக்கோட தோல் வடிவமா இருக்கலாம், ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்.

"பேதி இல்லையே, குண்டா வேற இருக்காரு"

இருக்கட்டும். அப்பவும் சீலியாக் இருக்கலாம்.

டெஸ்டுக்கு முன்னாடியே கோதுமைய நிறுத்துறது

கூடாது. ரத்த டெஸ்டு, பயாப்ஸி ரெண்டுமே கெட்டுடும், நோய் இருந்தும் இல்லைனு காட்டலாம்.

"மதராஸிக்கு வராது"

2016ல வந்த இந்திய ஆய்வுல வடக்க 1.23%, தெக்க 0.10%னு இருந்துச்சு, அத வெச்சுதான் இந்தப் பேச்சு. ஆனா அதே ஆய்வுல சீலியாக் வர வாய்ப்பு குடுக்குற ஜீன் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் இருந்துச்சு, கோதுமை சாப்பிடுற அளவுதான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நொய்டா மெஸ்ல மூணு வேளையும் ரொட்டி சாப்பிடுற நம்மூர் பையன் ரத்தமில்லாம வெளிறிப்போய் வந்தா அவனுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.