மலை வீட்டில் அலர்ஜியைக் குறைக்க: ஈரத்தில் தொடங்குங்கள்

கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும், பீரோவைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கும். எங்கள் மகளுக்கு அந்த மாதங்களில் கண் விழித்ததும் தும்மல் தொடங்கும். பள்ளிக்குக் கிளம்பும்வரை மூக்கு ஒழுகும். தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்ததில் தூசி உண்ணியும் (வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்) பூஞ்சையும்தான் காரணம் என்று தெரிந்தது. எங்களுக்குப் பலன் தந்ததை எழுதுகிறேன். மருந்துக்கு இது மாற்று இல்லை. வீசிங் இருப்பவர்கள் இன்ஹேலரைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 1: ஈரப்பதத்தை அளந்து பாருங்கள்

ஏர் ப்யூரிஃபையர் வாங்கும் முன் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். விலை குறைவு, பயன் அதிகம். படுக்கையறையில், ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொண்டுதான் வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அது பெருக முடியாது. அடைமழையில் அந்த எண் நமக்கு எட்டாது, சரி. 60-க்குள் வைத்தாலே பூஞ்சை அடங்கும்.

படி 2: ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள்

ஈரத் துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். துணியில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் அறைக் காற்றுக்குத்தான் போகும். சமையல் கேஸும் அப்படித்தான்: 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வருகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத சமையலறை என்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். குளித்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

வெயில் அடிக்கும் நேரம் எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள். மஞ்சு இறங்கத் தொடங்கியதும் மூடிவிடுங்கள்.

டிஹியுமிடிஃபையர் (காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் கருவி) வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். கடைகளில் பெரும்பாலும் கம்ப்ரெஸர் வகைதான் கிடைக்கும். அறை 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதன் சுருளில் ஐஸ் கட்டி, தண்ணீர் பிடிப்பது குறைந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு, ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகண்ட் வகைதான் சரி. மின்சாரம் கூடுதலாக இழுக்கும், பரவாயில்லை.

படி 3: படுக்கை

எங்களுக்கு அதிக நாள் பிடித்த வேலை இதுதான். தூசி உண்ணி மெத்தையிலும் தலையணையிலும் ரஜாயிலும் இருந்துகொண்டு, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிள்களைத் தின்கிறது. தும்மலைத் தூண்டுவது முக்கியமாக அதன் எச்சம். வெயிலில் போட்டால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வெயில் ஈரத்தை எடுக்கும், அது நல்லதுதான். ஆனால் மேலே சூடு ஏறினால் உண்ணி பஞ்சுக்குள் இறங்கிக்கொள்ளும். செத்தாலும் எச்சம் அங்கேயே இருக்கும். துவைத்தால்தான் போகும்.

விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இங்கே குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி வரும்; அதில் துவைத்தால் உண்ணி சாகாது. ஹீட்டர் உள்ள வாஷிங் மெஷின் இல்லையென்றால், கொதித்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, சமையல் தெர்மாமீட்டரால் சூட்டைப் பார்த்து ஊறவையுங்கள். கையை விட்டுப் பார்க்காதீர்கள், பொத்துவிடும்.

மெத்தை, தலையணை இரண்டுக்கும் ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வேர்வையில் அடியில் ஈரம் கட்டும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 4: சுவர்

வெளிச்சுவரை ஒட்டிப் பீரோ இருந்தால் அரை அடி முன்னால் இழுங்கள். சுவர் குளிர்ந்திருக்கும், காற்று ஓடாத இடுக்கில் ஈரம் படிந்து, பின்பக்கம் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். அதைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது, விதைத்துகள் வீடெல்லாம் பறக்கும். என்95 மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். ப்ளீச்சோடு ஆசிடையோ டாய்லெட் க்ளீனரையோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். ஓதம் ஏறும் சுவருக்கு பிளாஸ்டிக் பெயின்ட்டைவிடச் சுண்ணாம்பே மேல். கூரை ஒழுகினால் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

தரையில் கார்ப்பெட் வேண்டாம். துடைப்பத்துக்குப் பதில் ஈர மாப். சாம்பிராணிப் புகையும் கொசுவத்தியும் அலர்ஜி உள்ளவர் அறையில் வேண்டாம்.

பின்சேர்க்கை

கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்குமே என்று பலரும் கேட்டார்கள். கம்பளியையும் குழந்தைகளின் துணி பொம்மையையும் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு நாள் வைத்தால் உண்ணி செத்துவிடும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி எச்சத்தைப் போக்குங்கள்.

கரியடுப்பு மூட்டி அறையை உலர்த்தலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்ஸைடு சேரும். நிறமும் மணமும் இல்லாததால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கரண்ட் ஹீட்டர் போடுங்கள்.

நீலகிரித் தைலம் மூக்கடைப்புக்கு இதமாக இருந்தாலும், ஆஸ்துமா உள்ள சிலருக்கு அந்த வாசமே மூச்சை இறுக்கும். அவர்கள் படுக்கையில் தெளிக்க வேண்டாம்.