வெற்றுத் தாளில் கையெழுத்து போடாதீர்கள்: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராகப் போகும் அம்மாவுக்கு

2022-ல் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்றார்கள். "தையல்கடை அக்கா பத்தாவது படிச்சிருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முடிந்தது. 2024-ல் அடுத்த குழு வரும்வரை இருந்தேன். எனக்கு யாரும் சொல்லித்தராததை, அந்த நாற்காலிக்கு வரப்போகும் உங்களுக்காக எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தன்று பெரிய டீச்சர் ஒரு நீளமான நோட்டை என் பக்கம் தள்ளினார். "இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா, மத்தத அப்புறம் எழுதிக்கிறேன்." பக்கத்தின் அடியில் இருபது பேருக்குக் கோடு போட்டிருந்தது, மேலே வெறுமை. போட்டுவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. பதிவேடு, செயலி, சத்துணவுக் கணக்கு என்று ஒரு நாளைக்கு பத்து வேலை பார்ப்பவர், இதையும் பதினொன்றாவதாக முடிக்கப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் அடுத்த மாதம் அந்தப் பக்கத்தைப் புரட்டினால், நாங்கள் பேசவே பேசாத மூன்று தீர்மானங்கள் "ஒருமனதாக" நிறைவேறியிருந்தன. அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட ஒரே சட்டம்: எழுதி முடித்து, சத்தமாக வாசித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு அடித்த பிறகுதான் கையெழுத்து. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். "நானே எழுதட்டுமா டீச்சர், எனக்கும் எழுத்துப் பழக்கம் விட்டுப்போச்சு" என்று கேட்டேன். நோட்டு என் கைக்கு வந்துவிட்டது.

சட்டம் எவ்வளவு தெரிய வேண்டும்? அதிகம் வேண்டாம். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுதான் இந்தக் குழுவுக்கு அடிப்படை. நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது ஆகியவை நம் வேலை. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்களை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

கூட்டத்துக்கு ஆள் வருவதுதான் முதல் தலைவலி. எங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் யார் வருவார்கள்? வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மாற்றினோம். அடுத்த தலைவலி, மனைவிக்குப் பதிலாகக் கணவர் வந்து உட்கார்ந்துகொள்வது. "அண்ணே, உறுப்பினர் அண்ணிதான், அவங்கள அனுப்புங்க" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை, அதற்கப்புறம் சரியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலனியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் முதல் இரண்டு கூட்டமும் கதவோரம் நின்றேதான் இருந்தார்கள். பெஞ்சு காலியாகத்தான் கிடந்தது. "உட்காருங்க" என்று சொன்னால் மட்டும் உட்கார்ந்துவிட மாட்டார்கள், அது உங்களுக்கும் தெரியும். மூன்றாவது கூட்டத்துக்கு பெஞ்சையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரித்தேன். ஊராட்சி மன்ற உறுப்பினர் முதல் எல்லோருக்கும் தரைதான். வட்டமாக உட்கார்ந்த அன்றைக்குத்தான் அவர்களில் ஒருவர் வாயைத் திறந்தார்: "எங்க பொண்ணு ஸ்கூலுக்கு வந்தா தண்ணியே குடிக்கிறதில்லக்கா."

காரணம் கழிப்பறை. அதுவரை நாங்கள் யாரும் அதற்குள் போய்ப் பார்க்கவே இல்லை. ஆகவே, கூட்டத்துக்கு முந்தின நாள் பள்ளியை ஒருமுறை சுற்றி வாருங்கள், அதுவும் காலை இடைவேளை நேரத்தில். கையில் ஒரு நோட்டு, முடிந்தால் ஒரு அளவு நாடா. தையல்காரி என்பதால் என் கழுத்திலேயே நாடா தொங்கும். பெண் பிள்ளைகள் பக்கம் மூன்று அறை. ஒன்றுக்குத்தான் கதவு. அந்த ஒன்றுக்கும் பூட்டு, சாவி ஆசிரியர் மேசை இழுப்பறையில். தொட்டியில் தண்ணீர் இருந்தது, குழாய் உள்ளே வரவில்லை. சாய்தளத்தையும் பார்த்தேன். எங்கள் துணைத் தலைவரின் மகன் சக்கர நாற்காலியில் வருகிறவன். சாய்தளம் முடியும் இடத்தில் வகுப்பறை வாசற்படி அரை அடி உயரத்துக்கு நின்றது. காகிதத்தில் "சாய்தளம் உள்ளது" என்று ஒரு டிக் விழுந்திருக்கும். தினமும் இரண்டு பையன்கள் அவனைத் தூக்கித்தான் வைத்தார்கள்.

இப்போது எழுத்து வேலை. நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். முதலில் "கழிப்பறை வசதியை மேம்படுத்த வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினோம். நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கும்? யார் செய்ய வேண்டும், எதை, எத்தனை, எப்போதுக்குள் என்று எதுவுமே அதில் இல்லை. படித்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போயிருப்பார். ஐந்தாவது மாதம் இப்படி எழுதினோம்:

"பெண்கள் கழிப்பறையில் மூன்று அறைகளில் இரண்டுக்குக் கதவு இல்லை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழிப்பறைக்குக் குழாய் இணைப்பு இல்லை. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 38 மாணவிகள் பாதிக்கப்படுகின்றனர். இரண்டு கதவுகளும் குழாய் இணைப்பும் செய்துதர வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்வது. பூட்டியுள்ள அறையை நாளை முதல் பள்ளி நேரம் முழுவதும் திறந்து வைப்பது. பொறுப்பு, தலைமை ஆசிரியர்."

பூட்டு மறுநாளே திறந்தது. அதற்குக் காசு தேவையில்லையே. எந்தத் தீர்மானத்திலும் பள்ளிக்குள்ளேயே முடிகிற ஒன்றையும் வெளியே போக வேண்டிய ஒன்றையும் இப்படிப் பிரித்து எழுதுங்கள். எழுதியதைப் பள்ளிக் கல்வித் துறையின் டி.என்.எஸ்.இ.டி. பேரன்ட்ஸ் செயலியிலும் ஏற்றச் சொல்லுங்கள். ஆனால் செயலியில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

வெளியே போக வேண்டியது எங்கே போகும்? ஒன்றியப் பள்ளிக் கட்டடம் என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். ஆசிரியர் சம்பந்தப்பட்டது என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். நான் கதவுக்காகக் கல்வி அலுவலகத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறினேன், "இது எங்ககிட்ட இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தீர்மான நகலை ஜெராக்ஸ் எடுத்து, மேலே ஒரு பக்க மனு வைத்து, இரண்டாவது நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வாருங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நாங்கள் அக்டோபர் 2-ல் வைத்தோம். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் ஒரு பெரும் பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கியது என்பதை அங்கேதான் ஊராட்சிச் செயலரே சொன்னார். பொங்கலுக்கு முன் ஒரு கதவும் குழாயும் வந்தன.

காசு விஷயத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 100-க்கு மேல் 250 வரை இருந்தால் வருஷத்துக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு. எங்களிடம் 175 பிள்ளைகள். ரசீதுகளை ஜமுக்காளத்தில் பரப்பிப் பார்த்தபோது சுவர் ஓவியத்துக்கு நிறையப் போயிருந்தது, பினாயிலுக்குக் கொஞ்சம்தான். திருட்டு எதுவும் இல்லை, முன்னுரிமைதான் தலைகீழ். காசே வராத வருஷமும் உண்டு. பி.எம். ஸ்ரீ என்கிற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத் தகராறில், இந்த மானியத்துக்கான ஒன்றிய அரசின் 2024–25 பங்கு தமிழ்நாட்டுக்கு நின்றுபோனதே. அந்த மாதிரி நேரத்தில் பெரிய டீச்சரை உலுக்கிப் பயனில்லை.

ஆசிரியர் எண்ணிக்கையை நீங்களே எண்ணலாம். சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை 91 முதல் 120 பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது. எங்களுக்குப் பெயரளவில் ஏழு பேர், ஒருவர் ஐந்து மாதமாக மாற்றுப்பணியில் வேறு பள்ளியில். "எந்தத் தேதி வரை மாற்றுப்பணி என்று தெரிவிக்கவும்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கேட்டோம். புகார் இல்லை, கேள்விதான். அடுத்த மாதம் அவர் திரும்பி வந்தார். நம் கேள்வியாலா, தானாகவா, எனக்குத் தெரியாது.

படிப்பைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். ஆசிரியரை எல்லோர் முன்னும் நிறுத்திக் கேட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். சின்ன வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். "மூணாவதில் இன்னும் அரும்பில் எத்தனை பேர்? போன மாசம் எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர் முதலில் முகம் சுருக்கினார். பிறகு அவராகவே, மாலையில் வாசிக்கவைக்க ஒரு அம்மா வேண்டும் என்று கேட்டார். போனது, தண்ணீர் குடிக்காத அந்தப் பெண்ணின் அம்மா.

என் காலம் முடிந்தபோது தீர்மான நகல், முத்திரை வாங்கிய மனு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அடுத்த தலைவரிடம் கொடுத்தேன். முன்பக்கம் ஒரு தாளில், முடியாதவை: இரண்டாவது கதவு, மனு கொடுத்த தேதி. வாசற்படி அரை அடி, எந்த அலுவலகமும் இன்னும் அளந்து பார்க்கவில்லை. அளவு நாடாவையும் பையிலேயே போட்டுவிட்டேன், கடையில் வேறு இருக்கிறது.