சீனி டம்ளரும் பச்சைப்பயறு மூட்டையும்: பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பாட்டைப் படிக்க ஒரு மாதம்

"காயைச் சாப்பிடு, கண்ணுக்கு நல்லது" என்று மூன்று வருடம் சொல்லிப் பார்த்தேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. இரண்டு பேரும் கேரட்டைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்குவதில் கைதேர்ந்தவர்களாக ஆனார்களே தவிர ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை. நான் அந்த அறிவுரையைச் சொல்லும்போதெல்லாம் என் கையில் ஒரு மிக்சர் பொட்டலம் இருந்தது என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

கீழே இருப்பது மதுரையில் எங்கள் வீட்டில் ஒரு மாதம், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்தது. சமையல் தெரியாத அப்பாக்களும் தாராளமாகச் செய்யலாம், எனக்கே தெரியாது. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாமல், செய்ய ஏதாவது ஒரு வேலையைக் கையில் கொடுங்கள்.

1. மூன்று நாள் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். வீட்டில் உள்ள எல்லோரும் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதும் கணக்குப்பிள்ளை வேலையை எழுதத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இது பிள்ளைகள் மேல் போடும் விசாரணை ஆகிவிடும்.

எங்கள் வீட்டுத் தாளில் இரண்டாம் நாள் இப்படி இருந்தது: "அப்பா – டீ 4, மிக்சர், பரோட்டா. அப்பத்தா – இட்லி 3, ஊறுகாய், ஊறுகாய்." ஊறுகாயை ஏன் இரண்டு தடவை எழுதினாய் என்று கேட்டால், இரண்டு தடவை போட்டுக்கொண்டார்களே என்கிறாள். சரிதான்.

என் டீயில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சீனி. ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம், ஆக டீயில் மட்டுமே 32 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம். பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவுதான். பெருக்கல் கணக்கைப் போட்டது பெரியவள், தலைகுனிந்தது நான்.

2. சீனி டம்ளர்

இந்த மாதத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் மூன்று சாமான்களை வாங்கி வையுங்கள்: ஒரு குளிர்பானம், ஒரு கிரீம் பிஸ்கட், பாலில் கலக்கும் ஒரு மாவு. கூடவே சீனி டப்பா, ஒரு டீஸ்பூன், மூன்று கண்ணாடி டம்ளர். எவர்சில்வர் வேண்டாம், உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும்.

பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்புங்கள். அங்கே இரண்டு விஷயம் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்று, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பிஸ்கட்டில் முதல் மூன்று பேர் பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில். "அப்பா, இதில் பால் எங்கே?" என்று சின்னவன் தேடினான், அட்டையில் பால் குடம் குடமாக ஊற்றுவதுபோல் படம் போட்டிருந்தார்கள். பால் பவுடர் என்று கடைசிப் பக்கமாக இருந்தது. லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப் என்றெல்லாம் இருந்தால் அதுவும் சர்க்கரையின் உறவுக்காரர்கள்தான்.

இரண்டாவது, 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு எவ்வளவு என்ற அட்டவணை. அதில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து, பிள்ளை உண்மையில் சாப்பிடும் அளவுக்கு மாற்றி, 4-ஆல் வகுத்தால் ஸ்பூன் கணக்கு வந்துவிடும். கோலா வகைக் குளிர்பானங்களில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் வரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் 26 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறரை ஸ்பூன். அதைப் பிள்ளையே எண்ணி எண்ணி டம்ளரில் போட வேண்டும். நாலாவது ஸ்பூனிலேயே சின்னவன் என் முகத்தைப் பார்த்தான். ஆறாவதில் "இது தப்புக் கணக்கு" என்றான்.

இங்கேதான் பெரியவர்கள் வாயை அடக்க வேண்டும். "பார்த்தியா, விஷத்தைக் குடிக்கிறே" என்று சொல்லிவிட்டால் எல்லாம் கெட்டது. தீபாவளிக்கு அதிரசமும் பிறந்தநாளுக்குக் கேக்கும் சாப்பிடப்போகிற வீடுதானே இது? "தினமும் சாப்பிடுவது", "எப்போதாவது சாப்பிடுவது" என்று இரண்டே வகை வைத்துக்கொண்டோம், கெட்ட சாப்பாடு என்று எதையும் சொல்வதில்லை. இன்னொன்று, சீனியை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரைக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி அடையும் கூட்டத்தில் நானும் இருந்தேன். கணக்கில் அதுவும் சர்க்கரைதான்.

3. தட்டில் கோடு

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. 2000 கலோரி சாப்பிடும் பெரியவர்களுக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், கறி 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கடலை போன்ற கொட்டைகளும் விதைகளும் 35 கிராம். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை.

பிள்ளைகளிடம் இந்த எண்களைச் சொல்லாதீர்கள். காலித் தட்டில் சாக்பீஸால் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பாதி காய், பழத்துக்கு என்று காட்டுங்கள். எங்கள் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் அதன் அடிவாரத்தில் ஒரு ஸ்பூனாகவும் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரே நாளில் பாதிக்குப் பாதி வராது, எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பொரியலைக் கூட்டினோம், அவ்வளவுதான்.

4. ஐம்பது ரூபாயோடு சந்தைக்கு

ஞாயிறு காலை அண்ணாநகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான், 1999 நவம்பர் 14-ல், குழந்தைகள் தினத்தன்று திறந்தார்கள். அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருப்பதால் பிள்ளைகளே பார்த்துக் கணக்குப் போடலாம். உங்கள் ஊரில் சந்தை இல்லையென்றால் தெருமுனைத் தள்ளுவண்டி போதும்.

ஆளுக்கு ஐம்பது ரூபாய். நம் வீட்டில் வழக்கமாக வாங்காத காய் ஒன்று கட்டாயம் வாங்க வேண்டும், எது என்பது அவர்கள் இஷ்டம். சின்னவன் பாகற்காயைப் பிடித்துக்கொண்டான், முதலை முதுகு மாதிரி இருக்கிறதாம். "கசக்கும் தம்பி, அப்பாகிட்ட கேட்டுக்கப்பா" என்று விற்ற அக்காவே எச்சரித்தார். நான் தடுக்கவில்லை.

மெல்லிசாக வட்டமாக நறுக்கி, உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, பிழிந்து, நிறைய சின்ன வெங்காயத்தோடு வதக்கினோம். அவன் ஒரு துண்டை வாயில் போட்டான், துப்பினான். ஆனால் நாங்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டாவது சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்து, முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரித்தான். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு புதுக் காயைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவை, சிலருக்குப் பதினைந்து தடவைகூட அது கண்ணில் பட வேண்டியிருக்கும். நாம் மூன்றாவது தடவையோடு கைவிட்டுவிடுகிறோம்.

5. பச்சைப்பயறு மூட்டை

அடுப்பே இல்லாமல் தொடங்கும் சமையல் இது, ஆறு வயதுப் பிள்ளை முக்கால்வாசி செய்துவிடும்.

சனிக்கிழமை காலையில் அரை டம்ளர் பச்சைப்பயறைக் கல், குப்பை பொறுக்கி, இரண்டு தடவை கழுவி, மூன்று மடங்கு தண்ணீரில் ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரம். சாயங்காலம் தண்ணீரை வடித்து, சுத்தமான பழைய வேட்டித் துணியில் கொட்டி, இறுக்காமல் தளர்வாக முடிந்து, ஒரு பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். துணி காய்ந்தால் தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் பொறுப்பு. முதல் தடவை சின்னவன் தெளிக்கவில்லை, குளிப்பாட்டிவிட்டான். மறுநாள் மூட்டையைத் திறந்தால் புளித்த வாடை, அப்படியே குப்பைக்குப் போனது. ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

அடுத்த வாரம் சரியாக வந்தது. மதுரை வெயிலுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே வெள்ளை வால் எட்டிப் பார்க்கும், குளிர் காலத்தில் ஒரு நாள் ஆகும். அவன் காலையில் பல் தேய்க்காமல் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்து, "அப்பா, எல்லாத்துக்கும் வால் முளைச்சிருச்சு!" என்று கத்தினான். அரை டம்ளர் எப்படி ஒரு டம்ளருக்கு மேல் ஆனது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பச்சையாகக் கொடுக்காதீர்கள். முளை வளரும் சூடும் ஈரமும் கிருமிக்கும் பிடித்தமானவை என்பதால், பிள்ளைகளுக்கு இட்லிப் பானையில் ஐந்தாறு நிமிடம் நன்றாகச் சூடேற வேகவைத்துத்தான் தருகிறேன். முளைகட்டும்போது கூடும் வைட்டமின் சி-யில் கொஞ்சம் ஆவியில் போகும், போகட்டும், எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்ப வந்துவிடும். துருவிய கேரட், தேங்காய்ப்பூ, கொத்தமல்லி, உப்பு சேர்த்துக் கடுகு தாளித்துக் கொட்டினால் முடிந்தது. முன்பு ஓரத்தில் ஒதுக்கப்பட்ட அதே கேரட் இதில் காணாமல் போனது, ஏனென்றால் துருவியது பெரியவள்.

வேறு வேலைகளும் உண்டு. முருங்கைக்கீரைக் கொத்தை இரவில் துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தானாக உதிர்ந்திருக்கும், உருவும் வேலை பாதி மிச்சம். அவித்த முட்டை உரிப்பது ஆறு வயதுக்கு. வெள்ளரிக்காய் நறுக்குவது ஒன்பது வயதுக்கு, நாம் பக்கத்தில் நின்றால். நாலு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு முழு நிலக்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

6. சாப்பிட உட்கார்ந்தபின்

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன பங்கீடு எனக்குப் பிடித்திருக்கிறது: என்ன, எப்போது, எங்கே சாப்பாடு என்பது பெற்றோர் பொறுப்பு, சாப்பிடலாமா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. கேட்க எளிது. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று சொல்லாமல் இருப்பது நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்பது அப்பத்தா இருக்கும் வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

"பிள்ளை இளைச்சுத் துரும்பாப் போச்சு, நீ பயறைக் கட்டிவச்சு வேடிக்கை காட்டிக்கிட்டு இருக்க" என்றார்கள் அம்மா. அவர்களோடு வாதாடுவதில் பிரயோஜனம் இல்லை. அவர்களிடமும் ஒரு வேலையைக் கொடுத்தோம்: சின்னப்பிள்ளையாக இருக்கும்போது என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பெரியவளிடம் சொல்ல வேண்டும், அவள் காலண்டர் தாளில் எழுதுவாள். கம்பங்கூழும் மோர் மிளகாயும் அப்படித்தான் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்குள் வந்தன. கூழ் சின்னவனுக்குப் பிடிக்கவில்லை. மோர் மிளகாயை அவன் தொடவே இல்லை, புத்திசாலி. பிள்ளையின் எடை உண்மையிலேயே கூடவில்லை என்றால் அப்பத்தாவிடமும் வேண்டாம், என்னிடமும் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

டிவி, போன் அணைந்திருக்க வேண்டும். டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒழுங்காகச் சேரும். இது பெரியவர்களுக்கான விதி, எங்கள் வீட்டில் மீறுவது நான்தான்.

7. மாதக் கடைசியில் மறுபடி எழுதுங்கள்

அதே கணக்குப்பிள்ளை, அதே காலண்டர் தாள், மூன்று நாள். பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். பெரியவள் போன வாரம் எழுதியது இது: "தம்பி – பயறு சுண்டல் 2 தடவை, பாகற்காய் அரை வட்டம். அப்பத்தா – ஊறுகாய் 1. அப்பா – டீ 3, சீனி 1 ஸ்பூன். மிக்சர் – தெரியாது, ஆபீசில் சாப்பிட்டிருப்பார்."