சென்னை ஈரத்தைத் தாங்கும் சமையலறைக் கீழ் அலமாரி செய்யும் முறை

சென்னை வீடுகளில் சமையலறைக் கீழ் அலமாரிகள் பெரும்பாலும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில்தான், அதிலும் யாரும் குனிந்து பார்க்காத அடிப்பலகையின் வெட்டுமுனையில்தான், கெடத் தொடங்குகின்றன. குழாய் இணைப்பில் கசியும் நீர், வீடு கழுவும்போது தரையில் ஓடும் நீர், ஐப்பசி கார்த்திகையில் சுவரிலேயே தங்கிவிடும் ஈரம் ஆகிய மூன்றும் அங்கே வந்து சேர்கின்றன. ஆகவே இந்த ஊரில் அலமாரி செய்ய முனைபவர், நீர் எந்தெந்த வழியாக வரும் என்பதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அளவுநாடாவை எடுப்பதே முறை. வெளி அகலம் 600 மில்லிமீட்டர் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு விளக்குகிறேன்.

பலகையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கடையில் கமர்ஷியல் ப்ளை (மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிய பலகை) என்று தருவது பெரும்பாலும் யூரியா பசையால் ஒட்டப்பட்டது. காற்றின் ஈரத்தை ஓரளவு தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. மரைன் ப்ளை பீனால் பசையால் ஒட்டப்பட்டது. அதற்கான ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர விதி, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்குகள் பிரியக்கூடாது என்று கேட்கிறது. பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் எல்லா விலையிலும் எட்டுக்கு நான்கு அடிப் பலகை கிடைக்கும்; முத்திரையைப் பார்ப்பதோடு நில்லாமல், பலகையை நிமிர்த்தி வைத்து விரல் முட்டியால் மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை ஒரே சீராக வந்தால் நல்லது. ஓரிடத்தில் காலி டப்பாவைத் தட்டியதுபோல் கேட்டால், அங்கே உள்ளடுக்கில் இடைவெளி இருக்கிறது, திருகாணி அந்த இடத்தில் பிடிக்காது. ஐயம் தீராவிட்டால் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய பாத்திரத்தில் நான்கைந்து மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள். மட்டமான பலகை அதற்குள் ஓரத்தில் வாய் பிளந்துவிடும்.

பலகையின் மேல் ஒட்டும் மெல்லிய தகடான லேமினேட்டை வெளிப்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு, உள்பக்கத்துக்கு வார்னிஷ் அடித்து முடித்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. அலமாரிக் கதவுகள் வில்போல் வளைவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் பட்டறை அனுபவம். ஒரு முகம் மூடியும் மறுமுகம் திறந்தும் இருந்தால், திறந்த முகம் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து விரியும், மூடிய முகம் விரியாது. பலகை வளைவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. வெளியே 1 மில்லிமீட்டர், உள்ளே 0.8 மில்லிமீட்டர் என்று இரு பக்கமும் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, சமதளத்தில் ஓரிரவு பாரம் ஏற்றி வையுங்கள். வெள்ளைப் பசை மழைநாளில் மெதுவாகத்தான் இறுகும் என்பதால், அப்போது ஓரிரவுக்குப் பதில் ஒரு முழு நாள் விடுவது நல்லது.

அளவில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடப்பதைக் காண்கிறேன். பலகை 18 மில்லிமீட்டர் என்பதால், 600-இல் இரண்டு பக்கப் பலகைகளுக்கு 36-ஐக் கழித்து, அடிப்பலகையை 564 என்று வெட்டிவிடுகிறார்கள். ஆனால் இரு பக்கமும் லேமினேட் ஏறிய பலகையின் கனம் 19.8 மில்லிமீட்டர், இரண்டு பலகைக்கு 39.6 ஆகிறது, எனவே அடிப்பலகையின் சரியான நீளம் 560.4. வித்தியாசம் 3.6 மில்லிமீட்டர்தான், அதாவது தச்சர் கணக்கில் ஒரு நூலுக்குச் சற்று அதிகம். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற அந்தப் பழைய கணக்கு வாயால் அளவு சொல்வதற்கு மிக வசதியானது. எனினும் அலமாரி வேலைக்கு மில்லிமீட்டரையே பயன்படுத்துங்கள். ஒட்டி முடித்த பலகையைக் கையில் வைத்துக் காலிப்பரால் அளந்து, அந்தக் கனத்தைக் கொண்டே கணக்குப் போடுங்கள். ரம்பம் தானே ஏறக்குறைய 3 மில்லிமீட்டரைத் தின்றுவிடும் என்பதால், ஒரே பலகையில் வரிசையாகக் கோடு போடும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுவதால், லேமினேட் மேல்முகத்தில்தான் சிதறும். ஆகையால் வெளியே தெரியப்போகும் முகத்தைக் கீழே வைத்து, வெட்டுக்கோட்டில் கூரிய கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டு வெட்டுங்கள். முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

வெட்டியதும் நான் செய்யச் சொல்லும் வேலையைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். ப்ளையின் முகம் நீரை எளிதில் விடாது. வெட்டுமுனையோ உறிஞ்சிக்குழல்களை அடுக்கி வைத்ததுபோன்றது. எனவே ஒவ்வொரு வெட்டுமுனையையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, எபாக்ஸியோ நல்ல வார்னிஷோ இரண்டு கை பூசுங்கள். முதல் கை பூசியவுடன் அது உள்ளே இழுக்கப்பட்டு நிறம் மங்குவதைக் கண்ணெதிரே காணலாம். நீரும் அப்படித்தான் உள்ளே போயிருக்கும். குழாய்க்காக இடும் துளைகளின் உள்விளிம்பு, முதுகுப் பலகையின் கீழ்முனை, காலடியில் மறையும் விளிம்பு என்று எதையும் விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் முனைகளுக்கு அதன்மேல் பிவிசி எட்ஜ் பேண்டு என்னும் ஓரப்பட்டையை ஒட்டி, மிஞ்சும் ஓரத்தைக் கூரான உளியால், கைக்கு எதிர்ப்புறமாக, மெல்லச் சீவிவிடுங்கள்.

பெட்டியைக் கூட்டும்போது பசையோடு திருகாணியும் வேண்டும். ப்ளையின் முனையில் நேராகத் திருகினால் அடுக்குகள் பிளக்கும் என்பதால், திருகாணியின் தண்டைவிடச் சற்றுச் சிறிய துளையை முதலில் இடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்று கடற்காற்று வீசும் பகுதிகளில் சாதாரணத் திருகாணி சீக்கிரம் துருப்பிடிக்கும். 304 வகைத் துருவேறா எஃகே அங்கே ஏற்றது. பசை இறுகும் முன் எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு குறுக்களவுகளையும் எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி மூலைமட்டத்தில் நிற்கிறது என்று பொருள். ஒன்று நீளமாக இருந்தால் அந்த மூலைகளைக் கிளாம்பால் மெல்ல அழுத்திச் சரிசெய்யலாம், ஆனால் பசை காய்ந்த பிறகு முடியாது.

பெட்டியை ஒருபோதும் தரையில் நேரே நிறுத்த வேண்டாம். 2023 டிசம்பர் மழையில் நீர் புகுந்த வேளச்சேரி வீடு ஒன்றில், ப்ளைத் துண்டுகளையே காலாக வைத்துச் செய்திருந்த அலமாரி அடியிலிருந்து ஒரு சாண் உயரம் உப்பிப்போயிருந்தது. அதே சமையலறையில் பிவிசி கால்களின் மேல் நின்ற சிறு பெட்டியில் கால்களுக்கு மேல் ஈரம் ஏறவே இல்லை. நூறு மில்லிமீட்டர் உயரமுள்ள, திருகி ஏற்றி இறக்கக்கூடிய பிவிசி கால்கள் மலிவானவை. தரை சமமில்லாத இடத்தில் ரசமட்டம் வைத்து அவற்றைத் திருப்பியே பெட்டியை நேராக்கலாம். முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அரை அங்குலம் விட்டால் காற்றும் போகும், கரையான் மண் ஏறினாலும் கண்ணில் படும்.

இரண்டு கதவுகளுக்கு இடையில் 3 மில்லிமீட்டரும் இரு ஓரங்களிலும் தலா 1.5 மில்லிமீட்டரும் விட வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு கதவின் அகலமும் 297 மில்லிமீட்டர். கதவை மூடினால் வெளியே தெரியாத மறைகீலுக்கு 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி வேண்டும். குழியின் நடுப்புள்ளி கதவு ஓரத்திலிருந்து ஏறத்தாழ 22 மில்லிமீட்டரில் வரும்படி குறித்து, ஆழத்தை 12 மில்லிமீட்டரில் நிறுத்துங்கள். அதை மிகவும் தாண்டிவிட்டால் முன்பக்க லேமினேட்டில் வட்டமாக ஒரு மேடு தெரியும். கதவு பெட்டியின் முனையை முழுக்க மூடுவதானால் 0 க்ராங்க் (கீல் கையின் வளைவைத்தான் க்ராங்க் என்பார்கள்), நடுப்பலகையில் இரண்டு கதவுகள் பாதி பாதியாக அமர்வதானால் 8 க்ராங்க், உள்ளே அடங்குவதானால் 16 க்ராங்க் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இழுப்பறைக்கு டெலஸ்கோப்பிக் சேனல் என்னும் நீளும் தண்டவாளம் போடுவதானால், இரு பக்கமும் தலா 13 மில்லிமீட்டர் கழித்து, 560.4 உள்ளகலத்துக்கு இழுப்பறையின் வெளியகலத்தை 534 என்று வையுங்கள். முகப்புக்குத் தேக்குப் பலகை விரும்பினால், மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, குறுக்கே மாறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 200 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரம் நான்கு சதவீதம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் விரியும். பங்குனி வெயிலில் நெருக்கமாகப் பொருத்திய முகப்பு கார்த்திகையில் சிக்கிக்கொள்வது அதனால்தான். முகப்பின் மேலேயும் கீழேயும் தலா ஒரு நூல் இடைவெளி விட்டால் போதும்.

முதல் மழைக்காலம் கழிந்ததும் ஒரு திருப்புளியோடு வந்து, கீல்களின் சரிசெய்யும் திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பிக் கதவுகளை மீண்டும் வரிசைப்படுத்துங்கள். அப்போதே தொட்டிக்கு அடியில் விளக்கடித்து, வெட்டுமுனைகளில் பூச்சு உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, உரிந்த இடத்தில் மறுபடி ஒரு கை பூசிவிடுங்கள்.